கொழும்புச் சாம்பிள்

பலாபத்வல மிளகுக் கம்பனியின் மேனேஜர் கஜீபன், கொழும்புக் கம்பனி அனுப்பிய சாம்பிளில் ஒரு மிளகைக் கடித்துக் கண்களை மூடினார்.

"இதுதான் மிளகு! நம்ம ஸ்டோர்ல கிடக்கிறது குப்பை. இவங்களோட கூட்டுச் சேரணும்னு டைரக்டர்மாருக்கு அறிக்கை எழுதுங்க, சுதர்ஷினி."

"நம்ம மிளகும் நல்லாத்தானே இருக்கு, சேர்?"

"உங்களுக்கு மிளகைப் பத்தி என்ன தெரியும்? அவங்க எங்க வாங்குறாங்கன்னு கேட்டு, அதையும் எழுதுங்க."

கொழும்புக்குப் போன் பண்ணிவிட்டு வந்த சுதர்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஏஜெண்ட் மூலமா நம்மகிட்டதான் வாங்குறாங்களாம், சேர். இந்தச் சாம்பிளும் நம்ம ஸ்டோர்ல இருந்து போனதுதானாம்."

கஜீபன் வாயிலிருந்த மிளகை விழுங்கினார்.

"பார்த்தீங்களா? நல்ல இடம் பார்த்து வாங்குறாங்கன்னு முதல் வரியிலேயே போடுங்க. நம்ம ஆளுங்களுக்கு அந்தத் திறமை எங்க இருக்கு?"