பெல்ட் அறுந்த மத்தியானம்

அறுவடை மெஷினின் பெல்ட் அறுந்ததும் அவள் செய்த முதல் காரியம், யாருக்கும் தெரியாமல் சிரித்தது.

பாதி வயலில் கதிர் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வானம் வேறு ஒரு ஓரமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற நேரமா அது?

புருஷன் அறுந்த பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறினான். "கடைக்குப் போயிட்டு வர நேரமாகும். நீ கொஞ்சம் நிழல்ல சாஞ்சுக்கோ," என்றான்.

நிழலாவது, சாய்வதாவது. டிராக்டர் வளைவு திரும்புவதற்குள் அவள் வரப்பில் ஓட ஆரம்பித்திருந்தாள்.

அறுப்பு தொடங்கியதிலிருந்து பிள்ளைகளை அவள் விழித்த முகமாகப் பார்க்கவில்லை. வீட்டில் மெஷின் ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். விடிவதற்கு முன்னால், சின்னவன் எழுந்து காலைக் கட்டிக்கொள்வதற்குள், நழுவிவிடுவாள். இருட்டித் திரும்பினால் உடம்பெல்லாம் கதிர்ச் சுணை. அப்படியே தூக்கினால் பிஞ்சு உடம்பு தடித்துப்போகும். குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டும் தூங்கிப்போயிருக்கும்.

தூங்குகிற சின்னவனின் உள்ளங்காலை முகர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான் அவள் பங்கு.

முற்றத்தில் மாமனார் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் சந்தையில் அவர் மாட்டை அதட்டினால் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து நிற்பார். இப்போது வாயில் இரண்டு கிளிப்பைக் கடித்துக்கொண்டு பேரனின் ஜட்டியை உதறிக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்துபோனதால் இந்த வருஷம் வயல் மற்றவர்களுக்கு, பிள்ளைகள் அவருக்கு.

அவளைக் கண்டதும் கிளிப் இரண்டும் கீழே விழுந்தன. "என்னம்மா, இந்நேரத்துல?"

"பெல்ட் போச்சு மாமா!" என்றாள், பரிசுச் சீட்டு விழுந்தவளைப் போல.

குழாயடியில் உடம்பைத் தேய்த்துக் கழுவினாள். கொடியில் கிடந்த மாற்றுத்துணியை உடுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரோ விருந்தாளி வந்ததைப் போல அவளைச் சற்று நேரம் பார்த்தான்.

பிறகு நாற்காலியை விட்டான்.

வயிறு முன்னால் வர, இரண்டு கையும் மேலே தூக்கியிருக்க, இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறவனைப் போல வந்தான். வந்து, அவள் மடியில் தொப்பென்று விழுந்தான்.

"அட! நடந்துட்டான்! நடந்துட்டான்!" வாசற்படியில் நின்று மாமனார் கைதட்டினார். "உன்னைப் பாத்ததும் நடக்கிறான் பாரும்மா. நாங்க கெஞ்சினா ஒரு அடி எடுத்து வைக்கல, கழுதை!"

அவள் அழுதாள். இத்தனை நாளும் மெஷினில் உட்கார்ந்து அவள் பயந்ததெல்லாம் இதைப் பார்க்காமல் போய்விடுவோமோ என்றுதான். பெரியவள் முதலில் 'அம்மா' என்று சொன்னபோதும் அவள் வயலில் இருந்தாள். இவனாவது காத்திருந்தானே. அவனை இறுக்கிக்கொண்டு, எங்கோ கடையில் புருஷன் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த அறுந்த பெல்ட்டுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

அதுவரை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்ற பெரியவளுக்கு, அதற்கு மேல் தாங்கவில்லை. வீட்டில் அவளுக்குப் பேரே வாயாடி.

"தாத்தா, நான் சொல்லவே இல்ல பாத்தியா!"

கைதட்டல் நின்றது. மாமனாருக்கு அந்த நேரம் பார்த்துக் கொடித்துணியைச் சரிசெய்கிற வேலை வந்துவிட்டது.

அப்போதுதான் அவள் வீட்டைப் பார்த்தாள். மேசை முனைகளில் பழந்துணி சுற்றிக் கட்டியிருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. அடுப்படிக்குக் குறுக்கே பெரிய மரப்பெஞ்சு கிடந்தது. இரவில் அவள் வரும்போது இது எதுவும் இருந்ததில்லை. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

அந்தத் தேய்ந்த முட்டியை வைத்துக்கொண்டு தினமும் காலையில் பெஞ்சை இழுத்துப் போட்டு, தினமும் சாயங்காலம் எடுத்து வைத்திருக்கிறார் மனுஷன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை மாமா, நான் இருக்கிறப்ப நடந்தான்," என்றாள் சத்தமாக.

"அதானே," என்றது துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அதற்குப் பிறகு அவனை விடவில்லை. அறைக்கும் முற்றத்துக்குமாக நடக்கவைத்தாள். அவன் விழுந்தான், எழுந்தான், அவளைப் பார்த்துச் சிரித்தான். புருஷனின் டிராக்டர் பாதையில் வந்து ஹாரன் அடிக்கும்வரைக்கும்.

மேகம் பாதி வானத்துக்கு ஏறியிருந்தது. சின்னவனைத் தாத்தாவின் இடுப்புக்கு மாற்றிவிட்டு இறங்கினாள். வாயாடி கேட் வரைக்கும் கூடவே வந்தாள்.

அவள் குனிந்து மகளின் காதோடு கேட்டாள். "கண்ணு, அம்மாகிட்ட மட்டும் சொல்லு. தம்பி மொதல்ல எப்படி நடந்தான்?"

வாயாடி தாத்தாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு நாள் காலையில நீ கெளம்பிப் போனியா, அப்ப முழிச்சுட்டான். எழுந்து உன் பின்னாடியே வந்தான், கதவு வரைக்கும். நீ பாக்கல."

மறுபடியும் ஹாரன் அடித்தது.

அவள் கேட்டைத் திறந்துகொண்டு டிராக்டரை நோக்கிப் போனாள். முகம் வீட்டைப் பார்த்திருந்தது. பின்னோக்கியே நடந்தாள். பாதை கரடுமுரடு. இரண்டு இடத்தில் தடுக்கிற்று. கைகளை விரித்துச் சமாளித்துக்கொண்டு மறுபடி அடி எடுத்து வைத்தாள்.

"ஏய், விழப்போற! முன்னால பாத்து வா," என்று புருஷன் கத்தினான்.

அவள் திரும்பவில்லை.