எதிர்வீட்டு மாத்திரை

கால் முறிந்த மகனைப் பார்க்க வந்த மாமியாருக்கு வந்த அன்றே வயிறு எரிந்தது.

பையன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஊன்றுகோலைத் தட்டித் தட்டி எதிர்வீட்டுக்குப் போய் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறான். மருமகளோ துணைக்குக்கூடப் போகாமல் வாசலிலேயே நிற்கிறாள்!

"ஏம்மா, இவ்வளவு பெரிய வீட்டுல ஒரு மாத்திரை அட்டை வைக்க இடமில்லையா?"

"நான்தான் இங்க வேண்டாம்னு சொன்னேன், அத்தை."

"அவன் நொண்டறதைப் பார்க்க அவ்வளவு ஆசையா?"

மருமகள் தலைகுனிந்தாள். மாமியாருக்குப் பொறி தட்டியது. குரல் தழைந்தது.

"மறைக்காம சொல்லு. அந்த மாத்திரைக்கு அடிமையாயிட்டானா?"

"அவர் இல்ல அத்தை, நான்."

"நீயா? எப்படிம்மா?"

"முதுகு ஆபரேஷனப்போ இதே மாத்திரைதான். வலி போச்சு, மாத்திரை போகல. டிரெயினிங் போயிருக்கேன்னு உங்ககிட்ட சொன்னப்போ மறுவாழ்வு மையத்துல இருந்தேன். இப்ப விட்டுட்டேன். ஆனா கைக்கெட்டற தூரத்துல இருந்தா என்னை நானே நம்ப மாட்டேன். அதான் டாக்டர்கிட்டயும் எதிர்வீட்டு அக்காகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அக்கா கொண்டுவந்து தரேன்னாங்க. மாத்திரை நம்ம வாசப்படியே ஏறக்கூடாதுன்னு இவர்தான் நடக்கறார்."

"அடுத்தவங்ககிட்ட நீயே வாய்விட்டுச் சொன்னியா? கூச்சமா இல்ல?"

"இருந்துச்சு. அதுக்காக மறுபடி விழ முடியுமா அத்தை?"

மாமியார் மருமகளின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, தன் கைப்பையிலிருந்த மூட்டுவலி மாத்திரைகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க?"

"எதிர்வீட்டுக்கு. வேளாவேளைக்கு நடந்தா எனக்கும் மூட்டுக்கு நல்லதுதானே!"