பால், சாயாப்பொடி, ரஸ்க்

“பால், சாயாப்பொடி, ரஸ்க்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு சுல்ஃபத் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது முடிந்த பிறகுதான் அடுத்தது. மகள் அன்ஸியாவுக்கு ஏ.டி.ஹெச்.டி., கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு, என்று கண்டுபிடித்த எர்ணாகுளத்து டாக்டர், மாத்திரையோடு சேர்த்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய முதல் பாடம் அது.

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. தீர்ந்துபோன சாமானின் காலிக் கவரை அடையாளத்துக்குக் கையில் கொடுத்து, தோளைத் தொட்டு, ஒரே ஒரு சாமானின் பேரைச் சொன்னால் அன்ஸியா சமர்த்தாக வாங்கி வந்துவிடுவாள். இரண்டு சொன்னால் ஒன்று வரும். மூன்று சொன்னால் சில நாள் அவளே வரமாட்டாள். மட்டாஞ்சேரி படகுத்துறையில் போகிற படகுக்கு டாட்டா காட்டிக்கொண்டு நிற்பாள்.

இதெல்லாம் சுல்ஃபத்துக்குத் தெரியாததில்லை. ஆனால் எதிரே சுஹரா மதினி உட்கார்ந்திருந்தாள்.

இடக்கொச்சியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய நாத்தனார். தாயில்லாத தம்பியை, சுல்ஃபத்தின் கணவன் ரஷீதை, இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அக்கா கிழித்த கோட்டை ரஷீது இன்றுவரை தாண்டியதில்லை. மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதையும் அவள் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டிருந்தான்.

அக்கா பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். “இது சூக்கேடும் இல்ல, சீக்கும் இல்ல. செல்லம் கூடிப்போச்சு. ரெண்டு அடி வெச்சா தன்னால சரியாவும்.”

அதைக் கேட்டதும் வந்த வீம்புதான். என் மகளுக்கு என்ன குறை, பார் என்று காட்டத்தான் மூன்றையும் சேர்த்துச் சொன்னாள். மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளி வைத்ததும் அதே வீம்புதான்.

அன்ஸியா நேராகப் போனாளா என்றால், இல்லை. அடுக்களைக்குள் ஓடிக் குப்பைக்கூடையைக் கிளறினாள். எதையோ அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினாள்.

மதினி முகத்தைச் சுளித்தாள். சுல்ஃபத்துக்குத் தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ஷாஃபியின் கடை சந்து முனையில்தான் இருக்கிறது. சட்டென்று போய் வந்துவிடலாம். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம் என்றால் அது கிடங்குப் பக்கம் திறந்தது. சுக்கு வாசனை வருமே தவிர சந்து தெரியாது.

கீழே மரப்படி கிறீச்சிட்டது. வந்துவிட்டாள் என்று சுல்ஃபத் எழுந்தாள்.

யாரும் ஏறி வரவில்லை. ஓடுகிற காலடிச் சத்தம் தேய்ந்து போனது.

மதினி காக்கநாட்டில் வேலை பார்க்கும் தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சின்ன வயசில் அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பானாம். சுல்ஃபத் உம் கொட்டினாள். காதெல்லாம் படியில் இருந்தது.

மறுபடியும் கிறீச். மறுபடியும் ஓட்டம்.

படியில் விளையாடுகிறாள்! மானத்தை வாங்க இந்த நேரம்தானா கிடைத்தது என்று உள்ளுக்குள் கொதித்தாள். பெற்ற மகள் மேல் அவ்வளவு கோபம் வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

கடைசியில் அன்ஸியா மேலே வந்தாள். மூச்சு இரைக்க, மழைச் சேறு தரையில் ஒற்றைக்கால் தடமாகப் பதிய வந்து, கையிலிருந்ததை மேஜையில் வைத்தாள்.

பால். சாயாப்பொடி. ரஸ்க்.

சுல்ஃபத்துக்கு வயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

“பாத்தியா, மூணும் மறக்காம கொண்டாந்துடுச்சு. இந்தப் புள்ளைக்கா மாத்திர? நான் இப்பவே ரஷீதுகிட்ட பேசுறேன்” என்று மதினி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

மறந்திருந்தால் அடி. மறக்காததால் மருந்து போகும். எந்தப் பக்கம் விழுந்தாலும் பிள்ளைக்குத்தான் நட்டம் என்பது சுல்ஃபத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

கீழேயிருந்து ஷாஃபியின் குரல் வந்தது.

“இத்தா, மோளோட செருப்பு ஒண்ணு கடையில கெடந்துச்சு! மூணு வாட்டி ஓடி வந்துச்சுல்ல, கடைசி வாட்டி இதை விட்டுட்டுப் பறந்துருச்சு.”

சுல்ஃபத் இறங்கிப் போனாள். கீழ்ப்படியில், பால் பாக்கெட் காத்திருந்த இடத்தில் ஈரம் இருந்தது. பக்கத்தில் குப்பைக்கூடையிலிருந்து போன மூன்று காலிக் கவர்களும் கிடந்தன.

நிமிர்ந்து பார்த்தாள். படியின் உச்சியில் அன்ஸியா நின்றிருந்தாள். திட்டு விழும் என்று நினைத்தாளோ என்னவோ, மெல்லச் சொன்னாள்.

“நீ மூணும் ஒண்ணாச் சொல்லிட்டேல்லம்மா. அதான் நான் ஒண்ணொண்ணாப் போனேன்.”

டாக்டர் அந்தப் பாடத்தைச் சொன்னது தாய்க்கு. இன்று அதை மறந்தவள் தாய்தான். சுல்ஃபத்துக்குக் கண் நிறைந்தது.

மேலே மதினியின் போனிலிருந்து ரஷீதுக்கு மணி போய்க்கொண்டிருந்தது. சுல்ஃபத் படியேறி நேராக அடுக்களைக்குப் போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துவந்து பாலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பேசுங்க மதினி. இவ மறக்கலைன்னு சொல்லுங்க. மறக்காம இருக்க எத்தனை வாட்டி ஓடினான்னும் சேத்துச் சொல்லுங்க.”

ரஷீது எடுத்துவிட்டான். “அக்கா? அக்கா, கேக்குதா?” என்று போனுக்குள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

மதினி தரையில் பதிந்திருந்த அந்த ஒற்றைக்கால் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.