ஒரே ஒரு வேர்க்கடலை

"மூணு வருஷமா தினமும் இங்கதான் சாப்பிடறேன். ஒரு நாளாவது என் தட்டுல அந்த வேர்க்கடலை வந்திருக்கா? அப்படி ஒண்ணு நீ போடறதே பொய்," என்றார் தோங்.

"முழுங்கியிருப்பீங்கண்ணே. நீங்க எங்க மென்னு சாப்பிடறீங்க?" என்றாள் ஷூச்சின், மாவை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே.

சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால், நிலக்கரிக் கொட்டகை வழியே குனிந்து நுழைந்தால் ஷூச்சினின் சாப்பாட்டுக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஆறு மேஜை. புளிக்கவைத்த முட்டைகோஸும் பன்றிக்கறியும் திணித்த கொழுக்கட்டை, தட்டுக்குப் பன்னிரண்டு. ஷென்யாங் நகரம் முழுக்கத் தேடினாலும் அந்த விலைக்கு வேறெங்கும் வயிறு நிறையாது.

தினமும் முதல் ஈட்டில், ஏதோ ஒரு கொழுக்கட்டைக்குள் ஒரே ஒரு வேர்க்கடலை வைப்பாள். அது யார் பல்லில் படுகிறதோ, அன்றைக்கு அவர் தொட்டதெல்லாம் துலங்கும். கிடைத்தவர் கத்துவார். மற்றவர்கள் கைதட்டுவார்கள்.

தோங்குக்கு இன்று அது வேண்டும். மதியம் பூங்காவில் சதுரங்க இறுதி ஆட்டம். எதிரில் உட்காரப்போவது அவருடைய சம்பந்தி. ஆறு வருடமாக அந்த மனிதரிடம் தோற்று, ஒவ்வொரு புத்தாண்டு விருந்திலும் அதையே கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது.

அப்போதுதான் டோஃபு விற்கும் ஹைமெய் உள்ளே வந்தாள். ஐம்பது வயது. முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஒரு தட்டு. ஒன்பது மணிக்கு டிரைவிங் டெஸ்ட்."

தோங் சும்மா இருப்பாரா? "இது எத்தனாவது தடவை?"

"அஞ்சாவதுண்ணே."

"போன தடவை எதுல கொண்டுபோய் மோதினே?"

"மோதலை. கண்ணாடியைப் பார்க்காம திருப்பிட்டேன்."

"இன்னிக்கும் கோட்டை விட்டா?"

"மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வண்டியை வித்துடலாம்ங்கிறார் வீட்டுக்காரர்."

அந்தப் பழைய குட்டி வேனைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. டோஃபு இன்னும் மிதிவண்டியில்தான் போகிறது.

முதல் ஈடு வெந்தது. ஷூச்சின் கரண்டியால் அள்ளி எல்லா மேஜைக்கும் கொண்டுவந்து வைத்தாள்.

ஹைமெய் சாப்பிடவில்லை, தேடினாள். ஒவ்வொன்றையும் குச்சியால் உருட்டிப் பார்த்து, மெதுவாகக் கடித்து, நாக்கால் துழாவினாள். ஐந்து போயிற்று. ஒன்றும் இல்லை.

தோங்கின் வாயில் நறுக்கென்றது.

உருண்டையாக, கெட்டியாக. சந்தேகமே இல்லை. கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டார்.

எதிரில் ஹைமெய் ஆறாவதை மென்றுகொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவள் முகம் இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது கத்தினால் குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

தோங்குக்குச் சம்பந்தியின் சிரிப்பு கண்முன் வந்துபோனது. வாயை மூடிக்கொண்டு, கொழுக்கட்டை வெந்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்து, கடலையை உள்ளே தள்ளினார்.

"என்னண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் பக்கத்தில் இருந்த செருப்புத் தைக்கும் ஷிங்.

"நாக்கைச் சுட்டுக்கிட்டேன்."

"ம்," என்றார் ஷிங், வாயைத் திறக்காமல்.

ஒன்பதாவதில் ஹைமெய் மெல்வதை நிறுத்தினாள். உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். "அக்கா, எனக்குத்தான்," என்றாள்.

கடையே கைதட்டியது. தோங்கும் தட்டினார், பல்லைக் கடித்தபடி. ஒன்று என்று ஊருக்குச் சொல்லிவிட்டு இரண்டு போட்டிருக்கிறாள். சரியான மோசக்காரி.

ஹைமெய் கடலையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஓடினாள். மீதி மூன்றைச் சாப்பிடக்கூட நிற்கவில்லை.

வழக்கமாகத் தட்டு காலியானதும் ஆளாளுக்குக் கிளம்பிவிடுவார்கள். இன்று யாரும் எழவில்லை. சலூன் வைத்திருக்கும் தாவ், "மழை வரும்போல இருக்கு," என்று உட்கார்ந்தே இருந்தாள். வெளியே வெயில் பளீரென்று அடித்தது.

பத்தரைக்குப் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஷூச்சின் அதை மேஜைமேல் வைத்தாள். முதலில் அழுகைதான் கேட்டது. பிறகு, "பாஸ் பண்ணிட்டேன்க்கா. கை நடுங்கவே இல்லை."

ஷிங் குச்சிகளால் மேஜையில் மேளம் கொட்டினார். தாவ் பக்கத்து மேஜைப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். தோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இரண்டு தடவை.

போனை வைத்ததும் அவர் எழுந்தார்.

"இப்பச் சொல்றேன். நீ பொய்க்காரி, ஷூச்சின். எனக்கும் ஒண்ணு வந்துச்சு."

"எனக்கு மூணு," என்றார் ஷிங்.

தாவ் மூடியிருந்த கையை விரித்தாள். அதில் இரண்டு கடலை.

எல்லோரும் ஷூச்சினைப் பார்த்தார்கள்.

"ஒரே அண்டாவுல வேகுது. எது அவ தட்டுக்குப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் முப்பது போட்டேன். இந்த வாயாடிக் கூட்டத்துல ஒருத்தர் கத்தினாலும் போச்சேன்னு, வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

மாவு ஒட்டிய மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"முப்பது கடலை. ஒரு வாய்கூடத் திறக்கலையே."