திருப்பிப் போட்ட படம்

படம் வந்ததும் கை தானாகத் திருப்பிப் போட்டது.

எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்தவரின் அவசரம். ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டராக இத்தனை வருஷமாக அவள் அப்படித்தான் செய்கிறாள்.

இதயம் இடப்பக்கம் வந்து ஒழுங்காக உட்கார்ந்தது.

இனி எழுத வேண்டியது ஒரே சொல். நார்மல்.

அவள் எழுதவில்லை. என்ன அவசரம்?

போன மாதம்வரை காப்பீட்டுத் திட்டம் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தனியாகப் பணம் தந்தது. அவளுக்கும் படத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மூச்சுவிட நேரமில்லாமல் பார்த்துத் தள்ளினாள். இப்போது நோய்க்கு மொத்தமாக ஒரே தொகை, ஸ்கேன் செலவும் அதற்குள்தான். ஒரே நாளில் எல்லா டாக்டர்களுக்கும் சிக்கனம் வந்துவிட்டது. பெரிய ஸ்கேன் மெஷின் பாதி நாள் தூங்குகிறது. அவளுக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லாமல் என்ன?

ஈ ஓட்டுகிறவளுக்குப் படத்தின் மூலைவரை பார்க்க நேரமிருந்தது.

மூலையில் ஓர் எழுத்து. எது இடப்பக்கம் என்று காட்ட, எடுக்கும்போதே வைக்கிற ஈய எழுத்து. அது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது.

அப்படியானால் படம் சரியாகத்தான் வந்திருக்கிறது. மாற்றியது அவள் கை.

பழையபடி திருப்பினாள்.

இதயம் வலப்பக்கம். இரைப்பையும் வலப்பக்கம். ஈரல் இடப்பக்கம்.

திரைக்கு அருகில் குனிந்தாள். பரீட்சையில் எழுதியிருக்கிறாள், கண்ணால் கண்டதில்லை. உள்ளே ஒன்றுவிடாமல் பக்கம் மாறிப் பிறந்த ஒருத்தி, யாருக்கும் தெரியாமல் வளர்ந்து, கல்யாணமாகி, சீட்டில் எழுதியிருந்தபடி ஒரு பிள்ளையும் பெற்றுவிட்டாள். மாசமாக இருந்தபோது எடுத்த ஸ்கேன்களில் எல்லாரும் குழந்தையைத்தான் பார்த்திருப்பார்கள்.

பெயர் பிரம்மசக்தி. வயது இருபத்துநான்கு. இடது அடிவயிற்றில் வலி.

இடது.

குடல்வால் மற்றவர்களுக்கு வலப்பக்கம், இவளுக்கு இடப்பக்கம். இடப்பக்கம் வலிக்கிறவளுக்கு எந்த டாக்டரும் அதை நினைக்க மாட்டார். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். வீட்டில் அது உடைந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

வார்டில் பிரம்மசக்தி வயிற்றைப் பிடித்தபடி கட்டிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் ஒரு தோளில் பையும் மறு தோளில் வீறிடும் குழந்தையுமாகக் கிளம்பத் தயாராக நின்றான்.

"படுங்க," என்றாள். "நான் படம் பார்க்கிற டாக்டர்."

பிரம்மசக்தியின் வலது மார்பில் உள்ளங்கையை வைத்தாள்.

துடித்தது.

நிழலாக மட்டுமே எத்தனையோ இதயங்களைப் பார்த்தவள். அங்கே, இருக்கக் கூடாத இடத்தில், அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. கையை எடுக்க மனசு வரவில்லை.

சின்ன ஸ்கேன் மெஷினை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். இடது அடிவயிற்றில் குடல்வால் வீங்கிப்போய்க் கிடந்தது. இன்னும் உடையவில்லை.

சர்ஜனுக்குப் போன் போட்டாள்.

"ஆசீர் சார், குடல்வால்தான். இடப்பக்கம் இருக்கு. வந்து நெஞ்சைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் நம்புவீங்க."

தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன் பிரம்மசக்தி குழந்தையைக் கேட்டாள். புருஷன் அவசரத்தில் அவள் இடது மார்பில் கிடத்தினான். அழுகை நிற்கவில்லை. அது தலையைத் தூக்கி, முட்டி மோதி, குறுக்கே நகர்ந்து வலப்பக்கம் போனது. காதை அங்கே அழுத்திக்கொண்டது.

சத்தம் அடங்கியது.

"எப்பவும் இப்படித்தான் டாக்டரம்மா," என்றான் புருஷன். "அந்தப் பக்கம் போட்டாத்தான் ஒறங்குவான்."

அவள் சின்ன ஸ்கேன் மெஷினை அணைத்தாள், அதன் இரைச்சலில் குழந்தை விழித்துவிடக் கூடாதென்று.