இடது பக்கம், இரண்டாவது கம்பி

"என்னப்பா இது, பல்லு போன வாய் மாதிரி?"

முதலாளி சுருட்டிய பேப்பரால் சுவரைக் காட்டினார்.

பேரி மரம் அது. சுவரோடு ஒட்டி வளர்த்தது. கம்பி கம்பியாகக் கட்டி, கிளைகளை இரண்டு பக்கமும் நேராக இழுத்து விட்டிருக்கிறேன். போலீஸ்காரர் சோதனை போடும்போது கையை விரித்துக்கொண்டு நிற்பவன் மாதிரி நிற்கும். குளிர் காலத்தில் ஒரு இலை இல்லாமல், எலும்பும் தோலுமாக.

வலது பக்கம் எல்லாக் கம்பியிலும் கிளை உண்டு. இடது பக்கம் இரண்டாவது மட்டும் வெறும் கம்பி.

"இந்த வருஷமும் வரலைன்னா மரத்தைப் பிடுங்கிடு. செவுத்தைப் புதுசா பூசிட்டு ரோஜாத் தொட்டி வெச்சுக்கலாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உனக்குத் தொழில் தெரியாது என்று சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது.

மரத்தின் உச்சி பொல்லாதது. கீழே இருக்கும் கணுக்களை அதட்டி அதட்டியே தூங்க வைத்துவிடும். கணுவுக்குச் சற்று மேலே, பட்டையில் பிறை மாதிரி ஒரு கீறல் போட வேண்டும். அதட்டல் அங்கேயே அறுந்துவிடும். கணு விழித்துக்கொண்டு பச்சையாய் மூக்கை நீட்டும். அதுதான் பிறகு கிளை.

நானும் வருஷா வருஷம் கீறினேன். வருஷா வருஷம் முளை மூக்கை நீட்டியது. ஓரிரு நாளில் காணாமல் போனது.

குருவி என்று நினைத்து வலை கட்டினேன். எறும்பு என்று நினைத்துச் சாம்பல் தூவினேன். கடைசியில், "உனக்கு நான் என்னதான் குறை வெச்சேன்?" என்று மரத்திடமே கேட்டுவிட்டேன்.

இந்த முறையும் முளை வந்திருந்தது. அரிசி மணி அளவு.

வாசல் வரை போனவன், கத்தரியை மறந்துவிட்டோமே என்று திரும்பி வந்தேன்.

சுவரோரம் என் பெண்டாட்டி நின்றிருந்தாள். இந்த வீட்டில் வாசல், தோட்டம் எல்லாம் பெருக்குகிறவள் அவள்தான். இலை கொட்டும் காலம் வந்தால் போதும், இந்த மரத்துக்கு வேறு வேலையே இல்லை என்று முனகிக்கொண்டே அள்ளுவாள்.

துடைப்பம் தரையில் கிடந்தது. அவளுடைய கட்டைவிரல் முளையின் மேல் இருந்தது.

"அடிப்பாவி, நீயா?"

அவள் திடுக்கிடவில்லை. விரலையும் எடுக்கவில்லை.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறாயா என்றேன். குருவிக்குச் சேர வேண்டியது, எறும்புக்குச் சேர வேண்டியது எல்லாம் அவள் தலையில் இறங்கியது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், இன்னொரு கையால் சுவரைத் துடைத்தாள். வெறும் கம்பிக்குப் பின்னால். நான் எப்போதும் முகத்தை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற இடத்தில்.

பூச்சில் ஒரு கை பதிந்திருந்தது.

ஐந்து விரல். கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் உள்ளே மடங்கி.

சுவர் பூசி ஈரம் காயாத அன்று, எங்கள் சின்னவள் ஓடிவந்து அழுத்திய கை. கொத்தனார் கரண்டியோடு சத்தம் போட்டார். அதைப் பூசி மறைக்கப் போனவரை நான்தான் தடுத்தேன். அப்போது இந்த மரம் என் முழங்கால் உயரம்.

அந்தக் கை அதற்கு மேல் வளரவில்லை.

நான் மரத்தைப் பார்த்தே பழகிவிட்டேன். சுவரைப் பார்க்கவே இல்லை.

"'விடுங்கண்ணே, மரம் வளந்தா இலை மூடிடும்'னு அன்னிக்குக் கொத்தனார்கிட்ட நீதான்யா சொன்ன" என்றாள்.

சொன்னேன்தான்.

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே முதலாளி சொன்னதைச் சொன்னேன். கிளை வராவிட்டால் மரம் போகும். மரம் போனால் சுவரைப் பூசுவார்கள். பூச்சு அந்தக் கையின் மேல்தான் விழும்.

இது அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் சிமெண்டு. நடுவில் அப்படியே நின்றாள்.

பிறகு விரலை எடுத்தாள். நசுங்கிவிட்டதா என்று கிட்டே குனிந்து பார்த்தாள். நசுங்கவில்லை. கண்ணில் தூசி விழுந்த பிள்ளைக்கு ஊதுவதுபோல மெதுவாக ஊதிவிட்டாள்.

நான் மடக்குக் கத்தியை எடுத்து, முளைக்கு மேலே இருந்த கீறலை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தோட்டத்தில் எல்லா மரமும் அப்போதுதான் தளிர் விட்டிருந்தது.

இரண்டடி போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்யா, இந்த வருஷம் இலை சீக்கிரம் கொட்டிடுமா?"