காவலாளியின் சட்டைப்பை

சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்ததிலிருந்து ரூபா சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அவள் புருஷன் நந்தகுமாருக்கும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

உத்தரவு அவன் பெயருக்கு வந்திருந்தது. விருப்ப மாற்றலாம், குடும்பம் உடன் வராதாம். அவன் விண்ணப்பிக்கவே இல்லை. ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் பெண்டாட்டியைத் தீவிலேயே விட்டுவிட்டு மெயின்லேண்டுக்கு ஓடப் பார்த்தான் என்று டெலானிபூர் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு.

ரூபா மட்டும் சண்டை போடவில்லை.

"விடுங்க. வந்தது வந்துடுச்சு, நீங்க போயிட்டு வாங்க. நான் இருந்துக்கறேன்."

அந்தப் பெருந்தன்மைதான் அவனைக் கொன்றது. வரமாட்டேன் என்றவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு டாலிகஞ்ச் போனான். ஆபீஸ் வெப்சைட்டை எழுதிய ஹரிஹரன் அங்கேதான் ஒரு மொபைல் கடை மாடியில் இருந்தான்.

தான் எழுதிய நிரலைத் தானே படித்துப் பார்த்த ஹரிஹரனுக்கு முகம் சுண்டிவிட்டது. வெப்சைட்டுக்குள் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வாசலில் ஒரு காவலாளி மறித்து, பெயர் கேட்டு உள்ளே விடுவான். எத்தனை பேர் வந்தாலும் காவலாளி ஒருவன்தான். கேட்ட பெயரை விண்ணப்பத்தோடு ஒட்டி அனுப்பாமல், தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்படி அவனைப் பழக்கியிருந்தான் ஹரிஹரன். முதல் ஆள் உள்ளே போவதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டால் பையில் இருக்கும் பெயர் மாறிவிடும். தனியாக உட்கார்ந்து சோதித்தபோதெல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்ததாம்.

"அன்னிக்குக் காலைல நீங்க வருகைப் பதிவு அழுத்தியிருக்கீங்கண்ணா. அதே நேரத்துல வேற யாரோ மாற்றல் கேட்டிருக்காங்க. உங்க பேரு அதுல ஏறிடுச்சு."

நந்தகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கேட்டியா ரூபா? நான் உன்ன விட்டுட்டுப் போறவனா?"

ரூபா அதற்குள் வாசலில் செருப்பை மாட்டியிருந்தாள். "அதான் தெரிஞ்சுபோச்சே. சலோ, கிளம்பலாம்."

நந்தகுமார்தான் விடவில்லை. பாவம், யாரோ ஆசையாகக் கேட்ட மாற்றல், அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டாமா என்றான். அப்போதுதான் குவார்ட்டர்ஸில் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

ஹரிஹரன் காவலாளியின் சட்டைப்பையைத் தைத்து மூடினான். இனிமேல் பெயரை அந்தந்த விண்ணப்பத்தின் மேலேயே ஒட்டு என்று எழுதினான். பிறகு, அன்றைக்கு வந்த மாற்றல் விண்ணப்பத்தை அப்படியே மறுபடி வாசலுக்கு அனுப்பினான்.

திரையில் ஒரு பெயர் வந்து நின்றது.

"என்னப்பா, யாரு?" என்று நந்தகுமார் சிரித்துக்கொண்டே குனிந்தான்.

ஹரிஹரன் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வாசலில் நின்ற ரூபாவைப் பார்த்துக் கேட்டான்.

"உங்க பேருக்கே மாத்தி அனுப்பிடவா, அண்ணி?"